கல் பங்களா கட்டிய கலெக்டர்

ஊட்டிக்கு ஐ.வி. போகாத இன்ஜினியரிங் பேட்ச் உண்டா? ரெண்டு மணி நேரம் ஏதாவது ஒரு தொழிற்சாலை, மிச்ச ரெண்டு நாளும் போட் ஹவுஸ், தொட்டபெட்டா, ஹோம்மேட் சாக்லேட். நீங்களும் போயிருப்பீங்க. அந்த ஏரியில் பெடல் போட் மிதிச்சிருப்பீங்க. ஓடைகளை மறித்து அந்த ஏரியை உண்டாக்கியவரும், ஊட்டியில் முதல் ஐரோப்பிய வீட்டைக் கட்டியவரும், உங்க ஹாஸ்டல் குருமாவில் மிதக்கிற உருளைக்கிழங்கை நீலகிரியில் பயிர் பண்ணிப் பார்த்தவரும் ஒரே ஆள்தான். பேரு ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டர்.

இந்த இதழில் சல்லிவனைப் பற்றி எழுதக் காரணம் ஏரி இல்ல, உருளைக்கிழங்கும் இல்ல. வீடு. ஒரு வீட்டைக் கட்டியதால் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு இவர் வாழ்க்கையை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. சிவில் மக்கள் கூர்ந்து படிங்க. மற்ற டிபார்ட்மென்ட்காரங்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கேன்.

சல்லிவன் 1788 ஜூன் மாதம் லண்டனில் பிறந்தார். பதின்ம வயசு தாண்டும் முன்னாடியே கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் வேலை. ரைட்டர் என்றதும் எழுத்தாளர்னு நினைச்சுடாதீங்க, குமாஸ்தா. அந்தக் காலத்தில் கம்பெனி வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பாங்க. நாம முதல் செமஸ்டர் அரியர் எழுதுகிற வயசில் அவர்கள் கப்பல் ஏறி மெட்ராஸில் இறங்கி, கணக்குப் பிரதி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. பாதிப் பேர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் மேலே ஏறினார்கள். சல்லிவன் 1815இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனபோது வயசு 27.

இங்கே நம்ம ஊரையும் கொஞ்சம் பார்த்துடலாம். நம்ம மலைக்கோட்டைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு மெல்லிய தொடர்பு இருக்கு. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக வந்து உட்கார்ந்த இடம் திண்டுக்கல். அவர் பெரிய ஆளாக வளர்ந்ததே இங்கிருந்துதான். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு தோற்ற பிறகு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போனது. கோயம்புத்தூர் இன்னும் ஏழு வருஷம் தாக்குப் பிடித்தது. 1799இல் திப்பு விழுந்ததும் அதுவும் போனது. கோயம்புத்தூரோடு சேர்ந்து, மேலே நீலமாகத் தெரிகிற மலையும் காகிதத்தில் கம்பெனிக்குச் சொந்தமானது. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று கம்பெனியில் யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. திப்பு பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு மர உத்தரமா திரும்ப வருவார்.

1812இல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் மலையேறி ஒரு குறிப்பு எழுதினார். ஃபைலில் போட்டு மூடிட்டாங்க. 1818இல் சல்லிவனின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள். மேலே குளிரும், புல்வெளியும், பயிர் செய்கிற மக்களும் இருக்காங்க என்று சொன்னார்கள். 1819 ஜனவரியில் கலெக்டரே கிளம்பினார்.

அந்தப் பயணத்தில் லெஷனோ த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரும் இருந்தார். சமவெளியின் காய்ச்சலில் நொந்து போயிருந்த மனுஷன் மலைக்காற்றில் தேறிவிட்டார். சல்லிவனுக்கு இது பெரிய ஆதாரம். அன்றைய கம்பெனிக்கு எதிரிப் படையை விடப் பெரிய தலைவலி, தன் சிப்பாய்களும் அதிகாரிகளும் காய்ச்சலிலும் காலராவிலும் சாவதுதான். உடம்பு தேறுவதற்கு நன்னம்பிக்கை முனை வரைக்கும் கப்பலில் அனுப்புவாங்க. கோயம்புத்தூரில் இருந்து ஏறிப் போகிற தூரத்திலேயே இங்கிலாந்து மாதிரி ஒரு இடம் இருக்கு என்றால் சும்மா விடுவாரா? மெட்ராஸுக்கு மேல மெட்ராஸுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார். வெப்பநிலை அளந்து அனுப்பினார். இன்றைய பாஷையில் சொன்னால், ஃபண்டிங் கேட்டு ப்ரொபோசல் போட்டுக்கிட்டே இருந்தார்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி, கண்ணேரிமுக்கு என்ற பகுதியில் 1819 வாக்கில் முதல் வீட்டைக் கட்டினார். பெத்தகல் பங்களா என்று பேர். பிற்காலத்தில் இடிந்து கிடந்த அதைச் சரி செய்து நினைவகமாக வச்சிருக்காங்க. கோத்தகிரி போனீங்கன்னா பார்க்கலாம். சிவப்பாக, சின்னதாக, ஒரு கலெக்டர் வீடு என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு அடக்கமாக இருக்கும். சிறுமுகையில் இருந்து கோத்தகிரிப் பக்கம் ஏற லெப்டினன்ட் மெக்பெர்சன் மேற்பார்வையில் பாதை வேலை 1820இல் தொடங்கி 1823இல் முடிந்தது. வெட்டியவர்கள் பயனியர் படைக்காரர்களும் கைதிகளும். எந்தச் சுற்றுலா போர்டிலும் அவர்கள் பேர் கிடையாது.

1822இல் சல்லிவன் இன்னும் மேலே, இன்றைய ஊட்டி இருக்கிற இடத்தில், பெரிய வீடு ஒன்றை ஆரம்பித்தார். ஸ்டோன் ஹவுஸ். மலைமக்கள் வாயில் அது கல் பங்களா ஆனது. நம்ம கதையின் மையம் இந்த வீடுதான்.

வீட்டுக்குள் போகும் முன் ஒரு கேள்வி. ஒரு இங்கிலீஷ்காரர் மனசில் வீடு என்றால் என்ன படம் வரும்? அரண்மனை இல்ல. ஃபார்ம்ஹவுஸ். பண்ணை வீடு. நமக்கு வீடுன்னு சொன்னதும் திண்ணையும் முற்றமும் வருகிற மாதிரி. இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளை ஆர்க்கிடெக்ட் யாரும் வரையல. பக்கத்தில் என்ன கிடைத்ததோ அதில் கட்டினார்கள். கல் கிடைக்கிற ஊரில் கல், ஓக் மரம் கிடைக்கிற ஊரில் மரச்சட்டமும் இடையில் குச்சி பின்னி மண் பூசிய சுவரும். கல் சுவர் என்றால் சாதாரணமாக ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். ஜன்னல் சின்னது, ஏன்னா கண்ணாடி விலை, குளிரும் உள்ளே வரும். கூரை செங்குத்தாக இறங்கும், மழையும் பனியும் நிற்காமல் வழியணும். நடுவில் அடுப்பு, அதைச் சுற்றித்தான் வாழ்க்கை. ஆரம்பத்தில் புகைபோக்கி கூடக் கிடையாது. தரையில் தீ எரியும், புகை கூரை வழியாகத் தானே வெளியேறும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் செங்கல் புகைபோக்கி பரவலானது. அது வந்த பிறகுதான் வீட்டுக்கு மாடியே வந்தது. அதுவரை மேலே புகைதான் குடியிருந்தது.

டெவன் பக்கம் லாங்ஹவுஸ் என்று ஒரு வகை உண்டு. ஒரே நீளக் கூரை. மேட்டுப் பக்கம் மனுஷங்க, பள்ளத்துப் பக்கம் மாடுகள். சாணமும் மூத்திரமும் கீழ்நோக்கி ஓடிடும், மாட்டின் உடம்புச் சூடு வீட்டுக்கும் கொஞ்சம் வரும். பால் பண்ணைக்கு என்று தனி அறை. அதை வடக்குப் பக்கம் வைப்பார்கள், அந்தப் பக்கம்தான் வெயில் படாது. தரையில் கல் பலகை. வெண்ணெயும் சீஸும் கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து டிசைன் அது. எனக்கு இந்த அறை ரொம்பப் பிடிக்கும். தெர்மோடைனமிக்ஸ் படிக்காத விவசாயி திசையை மட்டும் வச்சு பால் கெடாமல் பார்த்துக்கிட்டார்.

இன்னொரு சமாச்சாரம், இதுதான் முக்கியம். ரொம்பப் பழைய இங்கிலீஷ் பண்ணை வீடுகளில் க்ரக் என்ற சட்டம் இருக்கும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஒரு மரத்தை எடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். இரண்டு பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல ஒரே வளைவு. அவற்றை எதிரெதிரே நட்டு உச்சியில் சேர்த்தால் தரையில் தொடங்கி முகடு வரை போகிற ஒரு வளைவு கிடைக்கும். அந்த மாதிரி இரண்டு மூன்று வரிசை நிறுத்தினால் வீடு ரெடி. கூரையின் சுமை முழுக்க அந்த வளைவு வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். சுவர் சுமை தாங்க வேண்டாம், காற்றை மறைத்தால் போதும். நாம ஃப்ரேம்டு ஸ்ட்ரக்சர் என்று படிப்பதன் கொள்ளுத்தாத்தா.

சரி, இப்போ ஊட்டிக்கு வாங்க. 1822. சல்லிவன் வருவதற்கு முன் அந்தப் புல்வெளியில் வீடே இல்லையா? இருந்தது. தோடர்களின் வீடுகள். தோடர் வீட்டைப் படத்தில் பார்த்திருப்பீங்க, பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே இருக்கிற மந்தில் நேரிலும் பார்த்திருக்கலாம். பாதி பீப்பாயைக் கவிழ்த்து வச்ச மாதிரி. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்தது. சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். முன்னும் பின்னும் அடைப்புச் சுவர். வாசல் மூணடிக்கு மூணடிதான், தவழ்ந்துதான் உள்ளே போகணும். குளிரும் காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராது. புகைபோக்கி இல்ல, புகை புல் வழியே கசியும். சுமை எங்கே போகிறது? வளைவு வழியாக நேரே தரைக்கு. க்ரக் சட்டத்தில் பார்த்தோமே, அதே கணக்கு. ரெண்டு ஊரும் ஒன்றை ஒன்று பார்த்ததே கிடையாது. ஆனா ஸ்டாட்டிக்ஸ் ரெண்டு ஊருக்கும் ஒன்றுதானே.

தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். பாலும் வெண்ணெயும் நெய்யும்தான் வாழ்வு. அவர்களுக்கும் பால் பண்ணைக்குத் தனிக் கட்டடம் உண்டு, ஆனால் அது வெறும் அறை இல்ல, கோயில். அதற்கென்று விரதம் காக்கிற ஒருவர்தான் உள்ளே போய்ப் பால் கறந்த பாத்திரத்தைத் தொடலாம். இங்கிலாந்துப் பண்ணையில் வடக்குப் பார்த்த அறை, இங்கே தெய்வம் இருக்கிற அறை. ரெண்டும் பால் கெடாமல் காக்கிற இடம்தான்.

அதாவது சல்லிவன் ஆளில்லாத மலையில் முதல் பண்ணை வீட்டைக் கட்டல. ஏற்கனவே பண்ணை வீடுகள் இருந்த மலையில் இன்னொரு பண்ணை வீட்டைக் கட்டினார். ஊட்டியின் முதல் வீடு என்று கைடுகள் சொல்லும்போது முதல் ஐரோப்பிய வீடு என்று மனசுக்குள் திருத்திக்கோங்க.

கட்டுமானத்துக்கு வருவோம். நீலகிரியின் பாறை சார்னோகைட். நம்ம கொடைக்கானல் மலையும் அதே குடும்பம்தான். கெட்டியான கல், வெட்டுவதற்குள் உளி தேய்ந்துடும். சுவருக்கு அது போதும். ஆனா கல்லைக் கல்லோடு ஒட்டுவது எது? சார்னோகைட்டை எவ்வளவு சுட்டாலும் சுண்ணாம்பு கிடைக்காது. சுண்ணாம்பு கீழே இருந்து ஏறி வரவேண்டிய சாமான். சிமென்ட் வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீங்க. போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் பேட்டன்ட் எடுத்ததே 1824இல்தான், கல் பங்களா ஆரம்பித்து ரெண்டு வருஷம் கழித்து. பாதை முழுசாக முடியாத மலையில், மாட்டு முதுகிலும் ஆள் தலையிலும் சாமான் ஏறுகிற காலத்தில், ஒரு கல் வீடு. இன்று நாம ரெடி மிக்ஸ் லாரி லேட் என்று புலம்புகிறோம்.

சுண்ணாம்புக் கலவையைப் பற்றி ரெண்டு வார்த்தை. நம்ம ஊர்ப் பக்கம் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து அரைப்பாங்க. மெட்ராஸ் டெரஸ் கூரைகள், செட்டிநாட்டுச் சுவர்கள் எல்லாம் அந்தப் பரம்பரை. சுண்ணாம்பு ஒரு நாளில் இறுகாது. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து வருஷக்கணக்கில் மெதுவாகக் கல்லாகும். அதனால் சுவர் கொஞ்சம் அசைந்தாலும் பொறுத்துக்கும், ஈரத்தை வெளியே விடும். பழைய கல் சுவரின் மேல் சிமென்ட் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே அடைந்து சுவர் கெடும். ரினோவேஷன் என்ற பேரில் ஊர் ஊராக நடக்கிற கொலை இது. இதை நம்ம சிலபஸில் ஒரு பக்கமாவது சேர்க்கணும் என்பது என் கட்சி.

கனமான கல் சுவர் ஊட்டிக்குச் சரியான தேர்வா? ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும், மதியம் வெயில் சுளீர்னு அடிக்கும். கனமான சுவர் பகல் சூட்டைக் குடித்து வைத்துக்கிட்டு இரவில் மெதுவாக விடும். இங்கிலாந்து விவசாயி தன் ஊருக்கு என்று கண்டுபிடித்தது இங்கேயும் வேலை செய்தது. அதே சுவரைத் திண்டுக்கல்லில் கட்டிப் பாருங்க. ஏப்ரல் மாதம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணிக்கு நம்ம மேல கொட்டும். அதுக்குத்தான் நம்ம ஆட்கள் சுவரில் வெயில் படாமல் திண்ணை இறக்கி, நடுவில் முற்றம் விட்டு, சூடு மேலே போக வழி செய்தார்கள்.

இப்போ கசப்பான பகுதி. நிலம்.

கல் பங்களா நின்ற இடம் தோடர்களின் மேய்ச்சல் நிலம். ஏக்கர் ஒரு ரூபாய் கணக்கில் சல்லிவன் வாங்கினார் என்று சொல்வார்கள். வாங்கினார் என்ற சொல்லே அங்கே பொருந்துமா தெரியல. எருமை மேய்கிற புல்வெளியை யாரும் யாருக்கும் விற்று வாங்காத ஒரு சமூகம். எதிரில் பத்திரம், எல்லைக்கல், ஏக்கர் என்று பேசுகிற கலெக்டர். வாங்குகிறவரே வரி போடுகிறவர், நீதி சொல்கிறவர். இந்த டீலில் இரண்டு பக்கமும் சமம் என்று நான் ஒத்துக்க மாட்டேன். அவர் வீட்டைப் பார்த்து அடுத்தவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். புல்வெளி வேலிகளாகப் பிரிந்தது.

ஆனா இதே சல்லிவன்தான் அரசாங்கத்தோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார், இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் ஒரு கையளவு நிலத்தையும் எடுக்கக் கூடாது என்று. 1826இல் கவர்னர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்து சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கியபோது எல்லாம் சுமுகமாக இருந்தது. அடுத்து வந்த கவர்னர் லஷிங்டனுக்கு ஊட்டி மேல் சல்லிவனை விட அதிக ஆசை, சல்லிவன் மேல் ஆசை இல்ல. லஷிங்டன் பார்வையில் நிலம் அரசுடையது, தோடர்களுக்கு மேய்க்க மட்டும் அனுமதி. சல்லிவன் பார்வையில் நிலமே தோடர்களுடையது. தன் பேரில் இவ்வளவு நிலம் வைத்திருக்கிற ஆள் தோடர் உரிமையைப் பேசுகிறாரே, தன் நிலத்தைக் காப்பாத்தத்தானே என்று எதிராளிகள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்ல. தோடர் நிலம் அவர்களுடையது என்று ஆனால்தான் அவர்களிடம் இவர் வாங்கியது செல்லும். ஆனாலும் வாதம் சரியான வாதம். சுயநலத்தோடு சேர்ந்து வந்ததால் மட்டும் ஒரு நியாயம் அநியாயம் ஆகிடாது. 1830இல் சல்லிவனின் கோயம்புத்தூர் காலம் முடிந்தது. மலையின் பெரும்பகுதியையும் அந்த வருஷமே கோயம்புத்தூரில் இருந்து பிரித்து மலபார் மாவட்டத்தில் சேர்த்தார்கள். 1843இல் திரும்பக் கொடுத்தார்கள்.

பதவியில் இருந்த அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் அவர் செய்த வேலையைப் பார்த்தால் மூச்சு வாங்கும். வீட்டைச் சுற்றித் தோட்டம். ஜான்ஸ்டன் என்ற தோட்டக்காரரை வைத்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். பண்ணை வீடு என்றால் பண்ணையும் வேணுமே. காய்கறிக் கடையில் கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாத்தையும் சேர்த்து இங்கிலீஷ் காய் என்று இன்னும் சொல்கிறோம் இல்லையா, அந்த வார்த்தைக்குள் இந்தத் தோட்டமும் கொஞ்சம் இருக்கு. 1824 வாக்கில் ஏரி. இன்றைய ஏரி அன்றைக்கு இருந்ததில் சுருங்கிய மிச்சம்தான். பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற தரை பழைய ஏரிப் படுகை.

திப்புவுக்கு வருவோம். 1829 ஏப்ரலில் லஷிங்டன் காலத்தில் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரத்துக்கும் மற்ற மர வேலைக்கும் மரம் எங்கே இருந்து வந்தது தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரம். அப்பா திண்டுக்கல்லில் தொடங்கிய ஆட்சியின் கடைசி அரண்மனை, மகன் செத்த பிறகு வண்டியேறி, மலையேறி, ஜெயித்தவர்கள் கும்பிடுகிற இடத்தின் கூரையைத் தாங்கிக்கிட்டு நிற்கிறது. அடுத்த முறை உள்ளே போனால் செல்ஃபிக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பாருங்க.

சல்லிவன் அந்த சர்ச்சுக்கு இன்னொரு விதத்தில் கடன்பட்டார். 1820இல் அவர் ஹென்ரியட்டாவைக் கல்யாணம் பண்ணியிருந்தார். இந்த மலையில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண் அவர்தான் என்பார்கள். கல் பங்களா அவருக்காகவும் கட்டியதுதான். 1830க்குப் பிறகு சல்லிவன் மெட்ராஸில் பெரிய பதவிகளுக்குப் போனார், வருவாய் வாரியம், கவர்னர் கவுன்சில் என்று. ஆனால் மனசு மலையில்தான். 1838இல் ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். இந்தக் காற்று உயிர் காக்கும் என்று கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதிய மனிதர், அந்தக் காற்றடிக்கிற மேட்டிலேயே இரண்டு பேரையும் புதைத்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சமாதி இன்னும் இருக்கு. சர்ச்சுக்குப் பின்னால், சரிவில். சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போகிறதே இல்ல.

மூன்று வருஷம் கழித்து, 1841இல், அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஓய்வு எடுத்துக்கிட்டு இருந்திருக்கலாம். இல்ல. கம்பெனி சுதேச சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக விழுங்குவதை எதிர்த்து கம்பெனியின் பங்குதாரர் கூட்டங்களில் பேசினார், துண்டுப் பிரசுரம் எழுதினார். இந்தியாவின் பணம் வரியாக வெளியே போகிறது, உயர் பதவிகள் இந்தியர்களுக்குக் கிடைப்பதில்லை என்று அங்கேயே உட்கார்ந்து சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பெனிச் சம்பளத்தில் இருந்தவர் சொன்னது என்பதால் கவனிக்க வேண்டியது. யாரும் பெரிசாகக் கேட்கல. 1855 ஜனவரி 16இல் இறந்தார். அதுக்கு அடுத்த வருஷமே அயோத்தியையும் கம்பெனி எடுத்துக்கிச்சு, அதுக்கு அடுத்த வருஷம் 1857 வந்தது. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரில் உள்ள அப்டன் செயின்ட் லாரன்ஸ் சர்ச்சில் அவர் சமாதி. மனைவிக்கும் மகளுக்கும் அவருக்கும் நடுவில் பாதி உலகம்.

சல்லிவன் தொடங்கி வைத்த பழக்கம் நம்ம பக்கமும் பரவியது. அவர் இங்கிலாந்து திரும்பிய நாலே வருஷத்தில், 1845இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் அதே காய்ச்சலுக்குப் பயந்து பழனி மலையில் ஏறிக் கொடைக்கானலின் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சன்னிசைட், ஷெல்டன் என்று பேர். அங்கேயும் ஏரி பிறகுதான் வந்தது. 1863இல் மதுரை கலெக்டர் லெவின்ஜ் ஓடையை மறித்தார். ஒரே ஃபார்முலா: காய்ச்சல், மலை, கல் வீடு, ஏரி, அப்புறம் காய்கறி. அங்கேயும் அதுக்கு முன்னாடியே மலையில் ஆட்கள் வாழ்ந்துக்கிட்டுதான் இருந்தார்கள்.

கல் பங்களா என்ன ஆச்சு? ஊட்டி மெட்ராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகரான பிறகு அது அரசு அலுவலகம் ஆனது. பக்கத்தில் புதுக் கட்டடங்கள் சேர்ந்தன, பழையது பல கை பட்டு மாறியது. இப்போது அது ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கு. நம்மள மாதிரி பசங்க ஹால் டிக்கெட்டுக்கும் போனஃபைடுக்கும் அலைகிற வளாகத்தில். பக்கத்தில் பழைய ஓக் மரம் ஒன்று, சல்லிவன் நட்டது என்பார்கள். 2022இல் ஊட்டிக்கு இருநூறு வயசு என்று கொண்டாடியபோது முதலமைச்சர் வந்து சல்லிவனுக்குச் சிலை திறந்து வைத்தார். இருநூறை எங்கிருந்து எண்ணினார்கள் என்று பாருங்க: கல் பங்களா ஆரம்பித்த 1822இல் இருந்து.

தோடர்கள் இன்று சுமார் 2000 பேர். மந்துகளில் பெரும்பாலும் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும்தான். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துக்கிட்டே வர்றாங்க. கட்டத் தேவையான மூங்கிலும் பிரம்பும் புல்லும் முன்ன மாதிரி கிடைப்பதில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுகிற ஜூனியர் யாராவது இதைப் படிச்சா, ஒரு தோடர் வீட்டின் லோட் பாத்தை அளந்து வரையலாம். முதலில் மந்தில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுட்டுப் போங்க. பால் கோயில் பக்கம் போகாதீங்க, அது அவர்களுக்கு மட்டும்.